சின்னக்கானலில் நான் வைத்த முற்றம்

கண்ணு,

இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. முதலில் ரோஸ்லின் வீட்டுக்குப் போ. அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அப்புறம் என்னோடு பேசலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொள். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் வாயெடுத்தாலே நீ "உடுங்கம்மா, பாத்துக்கலாம்" என்பாய், நானும் சரியென்று விட்டுவிடுவேன். இருபத்தெட்டு வருஷமாக நமக்குள் அப்படித்தான் நடக்கிறது. இன்றைக்கு நான் விடுவதாக இல்லை. கல்யாணத்துக்கு இன்னும் பதினேழு நாள். பாதி ஊருக்குப் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. நீ கட்டிக்கொள்ளப் போகிறவளோ ஒன்றரை மாதமாக உன் ஸ்டூடியோ வாசலை மிதிக்கவில்லை. இதற்கு யார் காரணம் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நேற்று நீ போனில் சொன்னதை நான் வரிக்கு வரி நினைவில் வைத்திருக்கிறேன். "ஸ்டூடியோ முத்தத்துக்கு மேல தகரம் போடோணும்னு ரோஸ்லின் சொல்றாங்கம்மா. போட்டாத்தான் உள்ள கால் வெப்பாளாமா. நான் முடியாதுன்னுட்டேனுங்க. அது நீங்க போட்டுக் குடுத்த முத்தம்." குரல் கம்மியிருந்தது உனக்கு. அதைக் கேட்டதும் பெற்றவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. இனித்தது. பெண்டாட்டியாகப் போகிறவள் சொல்லை விட அம்மா போட்ட கோடுதான் பெரிது என்று பிள்ளை நிற்கிறான் பார் என்று உச்சி குளிர்ந்துபோய், போனை வைத்துவிட்டு அரை டம்ளர் காப்பி கூடுதலாகக் குடித்தேன். காப்பி தீர்வதற்குள் அந்த இனிப்பு குமட்டிவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ரோஸ்லின் மேல் பொறாமைப்படுகிறேன் என்றுதான் நம் சொந்தபந்தம் முழுக்க நம்புகிறது. உன் அத்தை கொல்லங்கோட்டிலிருந்து வேலை மெனக்கெட்டு வந்து, "ஏனுங்கண்ணி, எஸ்டேட்டுப் புள்ள, அதுலயும் வேதக்காரப் புள்ள, மனசு ஒப்புதுங்களா?" என்று கேட்டாள். நான் ஒரு பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான். ஒரு பெருமூச்சுக்கு யார் என்ன அர்த்தம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. மாமியார்க்காரி மருமகளைப் பார்த்துப் புகைந்தால் ஊரே புரிந்துகொள்ளும். பெற்ற பிள்ளையைப் பார்த்துப் புகைகிறவளை எந்த ஊர் புரிந்துகொள்ளும்? எனக்குப் பொறாமை உன் மேல்தான், கண்ணு. உன் கண் மேல். நீ படம் எடுக்கிற விதத்தின் மேல். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். என் வயிறு எரிந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நம் ஸ்டூடியோ எப்படி வந்தது என்று நீ நூறு தடவை கேட்டிருப்பாய். சித்தூரில் ஒருத்தரிடம் போட்டோவில் மறு, தழும்பை மறைக்கிற டச்சிங் வேலைக்குப் போனேன், மணப்பெண் உடுத்துகிற அறைக்குள் ஆண் போட்டோகிராபர் போகக் கூடாது, நான் போகலாம், அந்த ஒரு கதவு வழியாகத்தான் தொழிலுக்குள் வந்தேன் என்று. பழைய நாலுகட்டு வீடுகளை இடிக்கிற இடமெல்லாம் போய்த் தூணும் கதவும் ஓடும் வாங்கி வந்து, நம் ஊட்டுப் பின்கட்டில் சின்னதாக ஒரு நடுமுற்றம் வைத்துக் கட்டினேன் என்று. கோயமுத்தூரிலிருந்தெல்லாம் ஜோடிகள் வந்து அந்த முற்றத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு போவார்கள். "அக்கா லைட்டிங்கை அடிச்சுக்க ஆளில்லை" என்பார்கள். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த வெளிச்சம் என் கைவேலை இல்லை. உச்சி வெயில் முற்றத்தின் சிவப்பு சிமெண்டுத் தரையில் பட்டு மேலே ஏறி, பெண்ணின் தாடையிலும் கன்னத்திலும் விழும். எந்தப் பெண் நின்றாலும் முகம் பூத்துவிடும். நான் பட்டனை அமுக்கினேன், தரை வேலை பார்த்தது. பேர் மட்டும் எனக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

நீ காலேஜில் படிக்கும்போது கொல்லங்கோட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு இரண்டாவது கேமராவாக உன்னைக் கூட்டிப்போனேன், நினைவிருக்கிறதா? நான் உள்ளே பெண்ணை நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்து, தாடையைத் தூக்கிவிட்டு அமர்க்களம் செய்துகொண்டிருந்தேன். நீ வெளியே திரும்பி, பெண்ணின் அப்பா தூணில் முதுகைச் சாய்த்துக் கையில் பன்னீர்ச் செம்போடு, யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்து நின்றதை எடுத்தாய். ஆல்பம் போடும்போது அவர்கள் முதல் பக்கத்துக்குக் கேட்டது அந்தப் படத்தை. பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இது ஆருங்க எடுத்தது?" என்றாள். "நம்ம ஸ்டூடியோப் படம்தானுங்க" என்றேன். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். உனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். இந்த மாதிரி ஒரு படம் எடுத்துவிட்டு ஒருத்தன் எப்படி இத்தனை லேசாக இருக்க முடியும் என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் நீ ஒரு வேலையாகச் சின்னக்கானல் போனாய். அங்கே சத்தம் பதிவு செய்கிற பெண் என்று ரோஸ்லினைச் சொன்னாய். இரண்டு பேரும் சேர்ந்து ஸ்டூடியோ போடுகிறோம், லயம் மாதிரியே கட்டப்போகிறோம் என்றாய். எஸ்டேட்டில் தொழிலாளிகள் குடியிருக்கிற லயம்: ஒரே நீளத் தகரக் கூரை, அதற்குக் கீழே வரிசையாக ஆறு கதவு. பின்னால் தொங்கவிட எழுதிய படுதா கிடையாது, மாலை கிடையாது. வருகிறவர்கள் ஏதாவது ஒரு கதவில் நின்றால் போதும், நீ படம் எடுப்பாய், அவர்கள் வீட்டுக் கதையை அவர்கள் குரலிலேயே ரோஸ்லின் பதிவு செய்வாள், இரண்டையும் சேர்த்து ஒரு சின்னப் படமாகக் கொடுப்பீர்கள். நான் சிரித்தேன். லயத்தைப் பார்க்க யார் வரப்போகிறார்கள், அதில் பிறந்தவர்களே அதைப் படத்தில் காட்ட மாட்டார்களே என்றேன். நீ வழக்கம்போல மூன்று படம் அனுப்பினாய். எதை எடுத்தாலும் மூன்றைப் பொறுக்கி என்னிடம் காட்டு என்பது நான் வைத்த சட்டம்.

மூன்றாவது படம் ரோஸ்லினின் அம்மா. லயத்து வாசலில் உட்கார்ந்து, நனைந்த தேயிலைக் கொழுந்துப் பையைப் பிழிகிறாள். படத்தில் முக்கால்வாசி கூரைதான். துருப்பிடித்த தகரம், காற்றில் பறக்காமலிருக்க மேலே வைத்த கல்லும் பழைய டயரும், அதன் மேல் மழை. அந்த அம்மா கீழே ஒரு ஓரத்தில் சின்னதாக இருக்கிறாள். ஆனால் கண் நேராக அவளிடம்தான் போகிறது. மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். நான் உனக்கு அனுப்பிய பதில்: "கூரை ரொம்ப அதிகம். வெட்டு." நீ வெட்டினாய், கண்ணு. நான் சொன்னேன் என்று அந்தப் படத்தைப் பாதியாக வெட்டிவிட்டு, "இப்ப செரியாயிருக்குங்களா?" என்று கேட்டாய். திருத்திக் காட்டுகிறேன், ஒரிஜினலை அனுப்பு என்று உன்னிடம் முழுசையும் வாங்கினேன். ஒன்றும் திருத்தவில்லை. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, குறை கண்டுபிடிக்கலாம் என்று ஒரு வாரம் எதிரில் வைத்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. பிறகு ஸ்டூடியோ முன்னறையில் மாட்டிவிட்டேன். கல்யாணத்துக்குத் தேதி சொல்ல வந்த ஒரு குடும்பம் அதைப் பார்த்துவிட்டு, யார் எடுத்தது என்று கேட்டது. "நானுங்க" என்றேன். இந்தத் தடவை நம்ம ஸ்டூடியோ என்ற மழுப்பல்கூட இல்லை. அவர்கள் இதே மாதிரி வேண்டும் என்றார்கள். போய் எடுத்தேன். முகமெல்லாம் கருத்துப்போய், கூரை தனியாக ஆள் தனியாக வந்தது. அந்தப் பாவத்துக்கு அந்தக் கூலி.

போன வருஷம் ஆடி மாதம் இடம் பார்க்க வா என்று கூப்பிட்டாய். நான் பஸ் ஏறி உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக வந்து சேர்ந்தேன். ரோஸ்லினின் அப்பா ரோட்டுக்கு வந்து எனக்குக் குடை பிடித்தார். அவர் குடையைத் தலைக்கு மேல் பிடிக்கவில்லை, இடது பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். என்னடா இந்த மனுஷனுக்குக் குடை பிடிக்கவும் தெரியவில்லையே என்று நினைத்தேன். லயத்து வாசலுக்குப் போனதும் பார்த்தால், என் சேலை ஒரு பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது, தலை காய்ந்திருக்கிறது. ரோஸ்லின் துண்டு கொடுத்தாள். முற்றம் ஒன்று வைக்கலாமே என்று நான் பேச்சை எடுத்தபோது அவள் அடக்கமாகத்தான் சொன்னாள்: "அத்தை, இங்கன மழை மேலருந்து விழாது. பக்கத்துலருந்துல்லா அடிக்கும். முற்றம் வச்சா உள்ள ரூமெல்லாம் நனைஞ்சிரும்." அவள் சொல்லித் தெரிய வேண்டியதே இல்லை. என் சேலை எனக்குச் சொல்லிவிட்டது. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீ அப்போது வெளியே இருந்தாய். "லயத்துல பொறந்த புள்ளைக்கு ஊடு கட்டறதப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். அவள் முகம் சுருங்கியது. உன்னிடம் அவள் இன்றுவரை இதைச் சொல்லவில்லை என்பது, நீ என்னிடம் காட்டுகிற மரியாதையிலிருந்தே தெரிகிறது.

ஊருக்குத் திரும்பி, ஆல்பம் அட்டையின் பின்பக்கத்தில் பிளான் போட்டேன். மூன்றாவது கதவும் நாலாவது கதவும் வேண்டாம், அந்த இடத்தில் நடுமுற்றம், சிவப்புத் தரை, ஓரத்தில் இரண்டு தூண், மழை வந்தால் இறக்கிவிட ஒரு படுதா. நீ அதை அப்படியே கட்டினாய். தெரிந்தேதான் போட்டேன், கண்ணு. சமவெளியில் உச்சி வெயிலுக்குக் கட்டிய முற்றம் அந்த மலையில் நிற்காது என்று தெரிந்தே போட்டேன். ஏன் என்று நானே என்னைத் துருவித் துருவிக் கேட்டுப் பார்த்தேன். உன் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள், "அம்மாவோடது மாதிரியே இருக்குதே" என்று சொல்ல வேண்டும். அது ஒன்று. இன்னொன்று இதைவிட அசிங்கம். கொஞ்சம் ஒழுகும், கொஞ்சம் நனையும், "என்னம்மா செய்யறது?" என்று எனக்குப் போன் செய்வாய், நான் வந்து வழி சொல்லுவேன். அந்த அளவுக்கு நீ தோற்றால் போதும் என்று இருந்தேன். நீ நன்றாக இருக்க வேண்டும், ஆனால் என்னைவிட ஒரு படி கீழே இருந்துகொண்டு நன்றாக இருக்க வேண்டும்.

இந்த ஆனி மாதம் என்ன நடந்தது என்று நீ எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வெளியூரில், ரோஸ்லின் வேதக்கோயிலுக்குப் போயிருக்கிறாள். பூசை முடிந்து திரும்புவதற்குள் காற்று அடித்து, முற்றத்து வழியாக மழை இரண்டு பக்க அறைகளுக்குள்ளும் போய்விட்டது. லைட் போனது, கம்ப்யூட்டர் போனது. அதெல்லாம் வாங்கிக்கொள்ளலாம். எட்டு மாதமாக அவள் லயம் லயமாகப் போய்ப் பதிவு செய்த குரல்களில் பாதி, மேசைக்குக் கீழே இருந்த ஹார்ட் டிஸ்கோடு போனது. போன தை மாதம் தவறிப்போன அவள் அப்பா பேசியதும் அதில்தான் இருந்தது. எனக்குப் பக்கவாட்டில் குடை பிடித்த மனுஷன். அந்தக் குரல் இனி எங்கும் இல்லை. நான் இதை நினைத்திருக்கவே இல்லை, சத்தியமாக. ஆனால் நினைக்கவில்லை என்பதால் நான் செய்யவில்லை என்று ஆகிவிடாது.

நீ பதறிப்போய் எனக்குப் போன் செய்தாய். நான் ஆசைப்பட்டபடியே, "என்னம்மா செய்யறது?" என்றுதான் கேட்டாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "முத்தத்துப் படுதாவை இறக்கியுடாம ஆரு போனது?" என்று கேட்டேன். கடைசியாகக் கதவைப் பூட்டியது ரோஸ்லின் என்று எனக்குத் தெரியும். அந்தக் காற்றுக்குப் படுதா எம்மாத்திரம் என்றும் தெரியும். நீ போய் அவளிடம் அதே கேள்வியை அப்படியே கேட்டாய். அப்பன் குரல் போன அன்றைக்கே அவளிடம் அதைக் கேட்டாய். அவள் எழுந்து போனதில் என்ன தப்பு? நானாக இருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து உன் மேல் எறிந்துவிட்டுப் போயிருப்பேன்.

உன் அப்பா கண்டுபிடித்துவிட்டார். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்த மனுஷன், யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். நேற்று நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார். "நீ அந்தப் புள்ளயப் பாத்துப் பொகையறயின்னு ஊரே பேசுது. எனக்கென்னமோ நீ நம்ம பையனைப் பாத்துப் பொகையற மாதிரித்தான் தெரியுது" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பெத்த தாயைப் பார்த்துச் சொல்கிற பேச்சா என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நானென்ன தப்புன்னா சொன்னேன்? டிரைவருக்கு இன்னொரு டிரைவரப் பாத்தா இருக்கத்தான் செய்யும். அதுக்காக வண்டிய மரத்துல கொண்டு போயி உடுவாங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். காப்பி குமட்டியது அப்போதுதான்.

அதனால் கேட்டுக்கொள். முற்றத்தை மூடு. ஓடு வேண்டாம், தகரமே போடு, அந்த ஊருக்கு அதுதான் நிற்கும், மேலே கல்லும் டயரும் வை. தூண் இரண்டையும் பிடுங்கிப் போடு. மூன்றாவது கதவையும் நாலாவது கதவையும் உங்கள் பழைய பிளானில் இருந்தபடி வை. எதை எங்கே வைப்பது என்று ரோஸ்லினைக் கேள், என்னைக் கேட்காதே. நான் கூப்பிட்டு யோசனை சொன்னாலும் கேட்காதே, ஏனென்றால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல். லயத்தில் பிறந்த பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நான் சொன்ன வரியையும் மறைக்காதே. அவள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அவள் உன்னை மன்னித்தால் போதும். நீ செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான், அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பியது.

தொழிலில் இத்தனை வருஷம் இருந்தவளாக இரண்டு வார்த்தை. வருகிறவர்களின் தாடையைத் தொட்டுத் திருப்பாதே, நான் திருப்பித் திருப்பி ஒரே முகத்தை ஆயிரம் பெண்களுக்கு வைத்துவிட்டேன். கறுப்பாக இருக்கிற பெண்ணை வெளுப்பாக்கிக் கொடுக்காதே, உன் நிச்சயதார்த்தப் படத்தில் ரோஸ்லினுக்கு நான் அதைச் செய்தேன், அவள் அந்தப் படத்தை எங்கேயும் மாட்டவில்லை. டிரோனைக் கல்யாண வீட்டு அடுப்படி மேல் பறக்கவிடாதே, சாம்பாரில் தூசி விழுந்தால் சமையல்காரர்கள் சும்மா விட மாட்டார்கள். இனிமேல் மூன்று படம் பொறுக்கி எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. அனுப்பினால் பார்ப்பேன், வெட்டு என்று சொன்னால் வெட்டாதே. கல்யாணத்தன்று நானே படம் எடுப்பேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். வேண்டாம். உன் சிநேகிதர்கள் யாராவது எடுக்கட்டும், நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மாவாக முன்வரிசையில் உட்காருகிறேன். அவர்கள் எடுப்பதைப் பார்த்து எனக்குக் கை அரிக்கும். அரிக்கட்டும்.

இதெல்லாம் எழுதிவிட்டதால் நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. இன்று காலையில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தாயும் மகளுமாக இரண்டு பேர் வந்தார்கள். வந்த வேலையை விட்டுவிட்டு அந்த அம்மா முன்னறையிலேயே நின்றுவிட்டாள், கூரைப் படத்துக்கு எதிரில். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது ஆருங்க எடுத்தது?" என்றாள். என் வாய் வரைக்கும் "நானுங்க" வந்துவிட்டது, கண்ணு. இந்தக் கடிதத்தைப் பாதி எழுதி மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தவள்தான் நான், அப்படியும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "என்ற பையனுங்க" என்றேன். "நீங்க சொல்லிக் குடுத்ததுங்களா?" என்று கேட்டாள். "இல்லீங்க, அவனாத்தான்" என்றேன். சொல்லும்போது வயிறு எரிந்தது. ஆனாலும் சொன்னேன்.

அம்மா